தொடை மட்டும் இளைக்கவில்லை என்று கேட்ட ஈரோட்டுச் சகோதரிக்கு

எட்டு மாதத்தில் 102 கிலோவிலிருந்து 84-க்கு வந்தும் தொடை மட்டும் அப்படியே இருக்கிறது, தினமும் 200 முறை காலைத் தூக்கி இறக்கியும் பயனில்லை என்று எழுதியிருந்தீர்கள். 18 கிலோ குறைத்தது சின்ன வேலை இல்லைங்க.

காலை ஆட்டினால் கால் கொழுப்பு மட்டும் கரையாது. எங்கிருந்து எடுப்பது என்பதை உடம்புதான் முடிவு செய்கிறது. பெண்கள் பலருக்குத் தொடைதான் கடைசியில் இறங்கும்.

அந்த 200-ஐ விட்டுவிடுங்கள். வாரம் மூன்று நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுங்கள்: 10 தடவை, மூன்று சுற்று. சுலபமாகிவிட்டால் கையில் தண்ணீர்க் குடம் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே சென்னிமலை, 1,320 படி. அதைவிட நல்ல ஜிம் ஏது? ஆனால் முட்டிக்குச் சிரமம் இறங்கும்போதுதான். கொஞ்ச நாளைக்கு ஏறிவிட்டு, வண்டியில் இறங்குங்கள்.

அப்புறம் சாப்பாடு. 'கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்று சொல்லி நம்மூரில் ரசத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். கொள்ளில் கொழுப்பைக் கரைக்கும் மாயம் எதுவும் இல்லை. புரதம் இருக்கிறது, 100 கிராமில் சுமார் 22 கிராம். தெளிந்த ரசத்தில் அது அதிகம் வராது. கடைந்து பருப்பாகவே சாப்பிடுங்கள், முட்டையும் தயிரும் சேருங்கள். புரதம் குறைந்தால் கொழுப்போடு தசையும் போய், கால் இன்னும் தொளதொளக்கும்.

தொங்கும் தோலுக்கு க்ரீம் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். இரண்டு காலும் தொட்டால் வலித்து, லேசாக இடித்தாலே கன்றி, பாதம் மட்டும் மெலிந்திருந்தால் அது லிப்பிடீமா என்ற, காலில் கொழுப்பு அளவுமீறிச் சேரும் நோயாக இருக்கலாம். பட்டினி கிடந்தாலும் அது குறைவது கடினம், மருத்துவரிடம் காட்டுங்கள்.