வாசகர் கேள்வி – பதில்: சென்னையில் ஒரு சீனியர் இருந்தால்…

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டக் கல்லூரிகளிலிருந்து கோடையில் இன்டர்ன்ஷிப்புக்காகச் சென்னைக்கும் பெங்களூருக்கும் கிளம்பும் மாணவர்களுக்கு, அங்கே ஏற்கெனவே வேலையில் இருக்கும் பழைய மாணவர்கள் துணை நிற்பது இப்போது பல கல்லூரிகளில் வழக்கமாகி வருகிறது. இது குறித்து வந்த கேள்விகளுக்குப் பழைய மாணவர் சங்கங்களில் இந்த வேலையை ஒருங்கிணைப்பவர்கள் பதில் தருகிறார்கள்.

காட்பாடியில் படித்தேன். இப்போது சோழிங்கநல்லூரில் ஐ.டி. வேலை. எட்டு வாரத்துக்கு நான்கு மாணவர்களைப் பார்த்துக்கொள்ளும்படி சங்கத்தில் கேட்கிறார்கள். ஆசை இருக்கிறது, நேரம்தான் இல்லை. ஒப்புக்கொள்ளலாமா?
– பழைய மாணவர், சென்னை

நான்கு பேர் வேண்டாம். இரண்டு பேர் என்றால் ஒப்புக்கொள்ளுங்கள். ஒரு மாணவருக்கு எட்டு வாரத்தில் ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஆகும். சேர்வதற்கு முன் முக்கால் மணி நேரப் பேச்சு, சேர்ந்த மூன்றாம் நாள் கால் மணி நேர போன், பிறகு வாரம் அரை மணி, கடைசியில் ரிப்போர்ட்டையும் ரெஸ்யூமேயையும் படித்துப் பார்க்க ஒரு மணி. அவ்வளவுதான்.

ஆனால் நாளும் நேரமும் குறித்துவிடுங்கள். "எப்ப வேணும்னாலும் கூப்பிடுப்பா" என்று பெரிய மனதோடு சொல்லும் சீனியரை எந்த ஜூனியரும் கூப்பிடுவதில்லை. அண்ணன் மீட்டிங்கில் இருப்பாரோ, சாப்பிட்டுக்கொண்டிருப்பாரோ என்று தயங்கியே மூன்று வாரம் ஓடிவிடும். வியாழன் இரவு எட்டரை என்று முடிவாகிவிட்டால் அந்தத் தயக்கம் போய்விடும். முந்தின நாள் இரவே மூன்று வரி அனுப்பச் சொல்லுங்கள்: இந்த வாரம் செய்தது, மாட்டிக்கொண்ட இடம், கேட்க நினைப்பது. மூன்று வரி வராத வாரத்திலும் போனை ரத்து செய்யாதீர்கள். எழுதாமல் இருப்பவர்தான் பெரும்பாலும் எங்கோ சிக்கியிருப்பார்.

மூன்றாம் நாள் போனைத் தவறவிடக் கூடாது. முதல் பத்து நாளில்தான் அதிகம் கெடுகிறது. லாகின் வந்திருக்காது, வேலை கொடுக்க வேண்டியவர் லீவில் இருப்பார், இவர் சும்மா உட்கார்ந்துகொண்டு தன்மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டிருப்பார். அன்று நான்கு கேள்வி கேளுங்கள். உனக்கு வேலை கொடுப்பது யார்? அவர் இல்லாவிட்டால் யாரிடம் கேட்பாய்? லேப்டாப்பும் லாகினும் கைக்கு வந்துவிட்டதா? எட்டாம் வாரம் முடியும்போது நீ முடித்துக் கொடுக்க வேண்டியது என்ன? நான்காம் கேள்விக்கு முதல் வாரக் கடைசியிலும் பதில் இல்லை என்றால், அங்கிருக்கும் மேலாளருக்கு மாணவரே ஒரு மெயில் எழுதட்டும். "நான் இந்த எட்டு வாரத்தில் முடிக்க வேண்டிய வேலை இது என்று புரிந்துகொண்டிருக்கிறேன், சரிதானா?" என்ற அளவில் இருந்தால் போதும். வாக்கியத்தைத் திருத்திக் கொடுங்கள். நீங்களே மேலாளருக்கு போன் போடாதீர்கள். போட்டால் அந்த அலுவலகத்தில் இவர் 'சிபாரிசில் வந்தவர்' ஆகிவிடுவார், அந்தப் பெயர் லேசில் போகாது.

இன்னொன்று, பலருக்கும் இது தோன்றுவதில்லை. நீங்கள் வேறு கம்பெனியில் இருப்பவர். மாணவர் தன் கம்பெனித் திரையை போட்டோ எடுத்து "அண்ணா, இந்த எரர் ஏன்?" என்று உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால், அவர் கையெழுத்திட்ட ரகசியக்காப்பு ஒப்பந்தத்தை மீறியதாகிவிடும். புரோகிராம் கோடு, வாடிக்கையாளர் விவரம், வரைபடம் எதுவும் உங்களிடம் வரக் கூடாது என்று முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். பிரச்சினையை வாயால் விவரிக்கட்டும். பாதி நேரம், விவரிக்கும்போதே விடையும் கிடைத்துவிடும்.

நான்காம் வாரம், மேலாளரிடம் கால் மணி நேரம் கேட்டு "இதுவரை எப்படி, எதை மாற்றிக்கொள்ள வேண்டும்?" என்று விசாரிக்கச் சொல்லுங்கள். கடைசி நாளில் கேட்டால் "குட், குட்" என்ற பதில்தான் கிடைக்கும்.

குடியாத்தம் பக்கம் கிராமம். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். இன்டர்ன்ஷிப்பில் எல்லாரும் இங்கிலீஷில் பேசுகிறார்கள். சந்தேகம் கேட்டால் ஒன்றும் தெரியாதவள் என்று நினைப்பார்களோ என்று பயம். சீனியர் அக்காவிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது?
– மூன்றாம் ஆண்டு மாணவி

அக்காவிடம் தமிழிலேயே பேசுங்கள். அவரும் ஒரு காலத்தில் பஸ் ஏறி வந்தவர்தான். அலுவலகத்துக்கு அனுப்பும் மெயிலை மட்டும் ஆங்கிலத்தில் எழுதி, முதல் இரண்டு வாரம் அனுப்புவதற்கு முன் அவரிடம் படித்துக் காட்டுங்கள். படித்துக் காட்டுவதுதான், அவரை எழுதச் சொல்வதல்ல.

கேட்கும் விதத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டால் பயம் பாதி குறையும். "சார், இது வரலை" என்று நின்றால் எதிரில் இருப்பவருக்கு எங்கே தொடங்குவது என்று தெரியாது. இப்படிக் கேளுங்கள்: "இதைச் செய்ய முயன்றேன். இந்தப் படி வரை வந்தது. இங்கே இப்படி ஒரு செய்தி வருகிறது. இதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன், சரியா?" அரை மணி நேரம் சொந்தமாக முயன்று பாருங்கள். அதற்கு மேல் தனியாக மல்லுக்கட்ட வேண்டாம். காலையில் மாட்டிக்கொண்டு மாலை ஐந்து மணிக்கு வாய் திறக்கும் இன்டர்னைத்தான் மேலாளர்களுக்குப் பிடிப்பதில்லை. பத்து மணிக்கே கேட்பவரைப் பற்றி யாரும் குறைவாக நினைப்பதில்லை.

மீட்டிங்கில் புரியாத சொல் வந்தால் அங்கேயே நிறுத்த வேண்டாம். நோட்டில் தமிழ் எழுத்திலாவது எழுதிக்கொண்டு, முடிந்ததும் பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள். ஐந்து வார நோட்டைப் புரட்டிப் பார்த்தால் ஒரே முப்பது, நாற்பது சொல்தான் திரும்பத் திரும்ப வந்திருக்கும். அதே நோட்டில் தினமும் கிளம்பும் முன் நான்கு வரி: தேதி, செய்த வேலை, கற்றது, பாக்கி. கல்லூரியில் கேட்கும் ரிப்போர்ட் இதிலிருந்தே பிறந்துவிடும். கடைசி வாரம் நினைவிலிருந்து எழுதுபவர்களின் ரிப்போர்ட் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும், வைவா என்ற வாய்மொழித் தேர்வில் மாட்டிக்கொள்வதும் அவர்கள்தான்.

அக்காவிடம் கேட்கக் கூடாதவை இரண்டு: அவருடைய சம்பளம், உங்கள் வேலையை அவர் செய்து தருவது. மேலாளர் திட்டினார், விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, அரியர் பேப்பர் இருப்பதைச் சொல்லலாமா வேண்டாமா, இதையெல்லாம் தாராளமாகக் கேட்கலாம்.

ஆற்காட்டில் இருக்கிறோம். மகளுக்குத் தரமணி டைடல் பார்க்கில் இரண்டு மாதம். வீட்டிலிருந்தே போய் வரட்டுமா, ஹாஸ்டலா? வழிகாட்டியாக ஓர் ஆண் சீனியரைப் போட்டிருக்கிறார்கள். அதுவும் யோசனையாக இருக்கிறது.
– ஒரு தாய்

தரமணி என்றால் வீட்டிலிருந்து வேண்டாம் அம்மா. வாலாஜா ரோடு ஸ்டேஷனிலிருந்து சென்னை சென்ட்ரல் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல், ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். வீட்டிலிருந்து ஸ்டேஷன், காத்திருப்பு, சென்ட்ரலில் இறங்கி பார்க் டவுன் போய்ப் பறக்கும் ரயில், அங்கிருந்து நடை எல்லாம் சேர்த்தால் ஒரு வழிக்கு மூன்றரை மணி நேரம். தினம் ஏழு மணி நேரம் பயணம் செய்பவர் இரண்டாம் வாரமே அலுவலகத்தில் தூங்கி வழிவார். சீசன் டிக்கெட் இருக்கிறதே என்பார்கள். செலவு குறையும், நேரம் குறையாது. அதை வைத்துக்கொண்டு பொதுவாக முன்பதிவுப் பெட்டியிலும் ஏற முடியாது.

வேலை அம்பத்தூர் எஸ்டேட்டில் என்றிருந்தால் கதை வேறு. அரக்கோணத்தில் லோக்கல் ரயில் மாறி, சென்னைக்குள் போகாமலேயே பட்டரைவாக்கத்தில் இறங்கிவிடலாம். ஸ்ரீபெரும்புதூர் என்றால் நெடுஞ்சாலையிலேயே வருகிறது. கம்பெனி பஸ் வாலாஜா, காவேரிப்பாக்கம் பக்கம் வருகிறதா, இன்டர்ன்களை ஏற்றுகிறார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

ஹாஸ்டல் பார்க்கும்போது முதலில் பதிவுச் சான்றைக் கேளுங்கள். தமிழ்நாட்டில் பெண்கள் விடுதிகள் 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் பதிவு செய்திருக்க வேண்டும். அடுத்து அட்வான்ஸ். இரண்டு மாதம்தான் தங்கப்போகிறாள் என்பதைச் சொல்லி, எவ்வளவு பிடித்துக்கொள்வார்கள், எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். ஒரு மாத நோட்டீஸ் விதி தெரியாமல் அட்வான்ஸை விட்டுவிட்டு வருகிறவர்கள் அதிகம். வேலைபார்க்கும் பெண்களுக்கான அரசின் 'தோழி' விடுதிகள் சென்னையைச் சுற்றி இருக்கின்றன, அங்கு இடம் கிடைக்குமா என்றும் விசாரியுங்கள். நகரத்துக்குள் சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை.

சீனியர் விஷயத்தில் உங்கள் யோசனை நியாயமானது, தயங்காமல் சங்கத்தில் கேளுங்கள். நாங்கள் வைத்திருக்கும் விதி இது: முதல் பேச்சு வீடியோ காலில், சங்க ஒருங்கிணைப்பாளரும் இருப்பார். நேரில் சந்தித்தால் பகலில், அலுவலக கேன்டீன் மாதிரி நாலு பேர் நடமாடும் இடத்தில். அறைக்கோ வீட்டுக்கோ போவதில்லை. இரவு ஒன்பதரைக்குப் பிறகு செய்தி அனுப்புவதில்லை. நல்ல சீனியர் எவரும் இதைக் கேட்டு முகம் சுளிக்க மாட்டார்.

அலுவலகத்தில் ஏதாவது என்றால், பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பயிற்சியில் இருப்பவர்களுக்கும் பொருந்தும். ஸ்டைபெண்ட் வாங்காவிட்டாலும் பொருந்தும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். புகாரை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். பெண்கள் உதவி எண் 181 அவள் போனில் இருக்கட்டும்.

இருநூறு பேரைச் சேர்த்து வாட்ஸ்அப் குரூப் தொடங்கினோம். பொங்கல் வாழ்த்தும் பிறந்தநாள் வாழ்த்தும்தான் ஓடுகிறது. வழிகாட்டல் எதுவும் நடக்கவில்லை.
– சங்கச் செயலாளர், வாணியம்பாடி

குரூப்பில் ஒரு மாணவர் கேள்வி கேட்டால் இருநூறு பேரும் 'வேறு யாராவது சொல்வார்கள்' என்று இருந்துவிடுவார்கள். ஜோடி சேர்க்க வேண்டும். மே மாத இன்டர்ன்ஷிப்புக்கு ஜனவரியிலேயே படிவம் அனுப்புங்கள். சீனியரிடம்: துறை, வேலை செய்யும் பகுதி, ஒதுக்கக்கூடிய நாளும் நேரமும், எத்தனை பேர். மாணவரிடம்: துறை, தங்கப்போகும் பகுதி, எதில் உதவி தேவை. துறையும் நேரமும் பொருந்தினால் போதும், ஊரும் உறவும் பார்த்துச் சேர்க்காதீர்கள். நம்மூர் ஆள் என்று சேர்த்துவிட்ட ஜோடிகளில், தோல் தொழில்நுட்பம் படிக்கும் பையனுக்கு வங்கி அதிகாரி வழிகாட்டிக்கொண்டிருப்பார். இருவரும் பாவம்.

பத்து ஜோடிக்கு ஓர் ஒருங்கிணைப்பாளர் வேண்டும். இரண்டாம் வாரமும் ஐந்தாம் வாரமும் இரு தரப்புக்கும் தனித்தனியாக போன் செய்து ஒரே கேள்வி கேட்கட்டும்: "கடைசியாக எந்தத் தேதியில் பேசினீர்கள்?" 'நல்லா போகுது' என்ற பதிலை நம்ப வேண்டாம், தேதியைக் கேளுங்கள். இரண்டு வாரமாகப் பேசவில்லை என்றால் காரணம் கேட்டு யாரையும் சங்கடப்படுத்தாமல் ஆளை மாற்றிவிடுங்கள். இதற்காக இரண்டு மூன்று சீனியர்களை முதலிலேயே கையிருப்பில் வைத்திருக்க வேண்டும்.

கல்லூரியிலிருந்து வர வேண்டிய தடையில்லாச் சான்றும், தேர்வு அட்டவணையும், எத்தனை மணி நேரம் செய்தால் கிரெடிட் என்ற விவரமும் மார்ச்சுக்குள் கையில் இருக்கட்டும். நடுவில் அரியர் தேர்வு வந்து இன்டர்ன்ஷிப்பை முறித்துக்கொண்டு ஓடுவது வருஷா வருஷம் நடக்கிறது.

ஆன்லைன் இன்டர்ன்ஷிப் என்று ஆஃபர் லெட்டர் வந்திருக்கிறது. சான்றிதழுக்கு 4,500 ரூபாய் கட்டச் சொல்கிறார்கள்.
– மாணவர், ராணிப்பேட்டை

கட்டாதீர்கள். இன்டர்ன்ஷிப் தருகிறவர் உங்களிடம் காசு கேட்டால் அவர் விற்பது சான்றிதழ். கடிதத்தில் கம்பெனிப் பதிவு எண் இருந்தால் மத்திய அரசின் கம்பெனி விவகார அமைச்சக இணையதளத்தில் தேடுங்கள். மெயில் முகவரி கம்பெனி பெயரில் இருக்கிறதா, சும்மா ஜிமெயிலா என்று பாருங்கள். அசல் மதிப்பெண் சான்றையும் யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் உடனே இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு போன் செய்ய வேண்டும்.

சீனியர் வேலை வாங்கித் தருவாரா? அவருக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமா?
– ஒரு தந்தை, ஆரணி

வாங்கித் தர மாட்டார். பிள்ளையின் வேலையைப் பார்த்தபின் தன் கம்பெனியில் பெயர் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். ஆறாம் வாரத்துக்கு முன் அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம். எடுக்கும்போதும் "வேலை இருக்கா?" என்று கேட்காமல், "இந்த வேலைக்கு விண்ணப்பிக்க என்னிடம் இன்னும் என்ன குறைகிறது அண்ணா?" என்று பையனே கேட்கட்டும். கொடுப்பதற்கு ஒன்றும் வேண்டாம். ஆற்காடு மக்கன் பேடாவைக் கொடுத்துவிட்டே தீருவேன் என்றால், இன்டர்ன்ஷிப் முடிந்த பிறகு ஒரே ஒரு டப்பா.