பழனி மாலைக்கு முன் ஒரு வாரம் மருத்துவமனை

கேள்வி: என் வீட்டுக்காரர் விசைத்தறி ஓட்டுகிறார். பல வருடக் குடி. இப்போது காலையில் கொஞ்சம் குடித்தால்தான் கை நடுக்கம் நிற்கிறது. தைப்பூசத்துக்குப் பழனிக்கு மாலை போட்டு ஒரேயடியாக விடட்டும் என்கிறார் மாமியார். குழம்பில் கலக்க ஒரு பொடியும் வாங்கி வைத்திருக்கிறேன். எது சரி? – வாசகி, சோமனூர்

மாலை போடட்டும் சகோதரி, ஆனால் முதலில் மருத்துவமனை. விடிந்ததும் கை நடுங்குகிற அளவுக்கு உடம்பு பழகியவர் சட்டென்று நிறுத்துவதுதான் ஆபத்து. நிறுத்திய இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம், நான்காம் நாளில் சிலருக்குப் புத்தி தடுமாறும். இல்லாத பூச்சியைத் தட்டிவிடுவார்கள். தறிக்காரர் கட்டிலில் உட்கார்ந்தபடி வெறுங்கையால் அறுந்த இழையை முடிந்துகொண்டிருப்பார். காத்து கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப் போய் நேரத்தைக் கோட்டை விடுகிறார்கள். வைத்தியம் தாமதமானால் உயிரே போகலாம். இதில் விரதமும் சேர்ந்தால் உடம்பு என்ன ஆகும்?

அந்தப் பொடியைத் தயவுசெய்து தூக்கிப் போடுங்கள். குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்கிற டைசல்ஃபிரம் மருந்து அதில் கலந்திருந்தால், அது தெரியாமல் அவர் குடிக்கும்போது ரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழலாம். அதே மருந்தை டாக்டரும் தருவார். ஆனால் நோயாளிக்குச் சொல்லி, சம்மதம் வாங்கித்தான்.

கோவை அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள், செலவில்லை. நடுக்கத்துக்கு மாத்திரை கொடுத்து, சில நாளில் படிப்படியாகக் குறைப்பார்கள். தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் முக்கியம். அது இல்லாமல் பக்கத்து கிளினிக்கில் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். 2025-ல் தமிழக அரசு 'கலங்கரை' என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்களை அரசு மருத்துவமனைகளில் தொடங்கியது. உங்களுக்கு எது பக்கம் என்று அரசின் மனநல உதவி எண்ணான 14416-ல் கேளுங்கள். இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். 2017 மனநலச் சட்டம் குடிநோய்க்கும் பொருந்தும். சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைப்பது மருத்துவமனையின் கடமை. 'வண்டி அனுப்பி ஆளைத் தூக்கிக்கொள்கிறோம்' என்கிற தனியார் இல்லங்களிடம் மட்டும் உஷார். உரிமம் காட்டாத இடத்தில் விடாதீர்கள்.

வீடு திரும்பிய பிறகும் மாதக்கணக்கில் மாத்திரையும் ஆலோசனையும் வேண்டும். நடுவில் ஒருநாள் குடித்துவிட்டால் திட்டாமல் மறுபடி கூட்டிப் போங்கள்.

கிளம்பும்போது மூன்று விஷயம் குறித்துக்கொள்ளுங்கள்: கடைசியாகக் குடித்த நேரம், தினசரி அளவு, முன்பு வலிப்பு வந்ததா என்பது. வழியிலேயே வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.