பூனை உள்ள வீட்டில் கீரைப் பாத்தியையும், வந்து போகும் அணில், சிட்டுகளையும் எப்படிக் காப்பாற்றுவது?

தாராளமாகத் தோட்டம் போடலாம். பூனைக்குப் பொலபொலவென்ற காய்ந்த மண்தான் கழிப்பிடம். புதிதாக விதைத்த பாத்தி அப்படித்தான் இருக்கும். அதனால் விதைத்ததும் கோழிவலையைத் தரையோடு விரித்து, ஓரங்களில் கல் வையுங்கள். கீரை வலைக்கண் வழியாக மேலே வரும். அப்புறம் பூனையின் கழிப்பிடத்துக்கென ஒரு மூலையில் ஆற்றுமணல் கொட்டி, பக்கத்தில் குப்பைமேனியை விட்டுவையுங்கள். பிடுங்கிய அதன் வேரில் பல பூனைகள் சொக்கிப்போய்ப் புரளும்.

இதை அலட்சியம் செய்யாதீர்கள்: பூனைக் கழிவில் டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி இருக்கலாம். கர்ப்பிணிகள் கையுறை இல்லாமல் அந்த மண்ணைத் தொடக் கூடாது. கீரையை நன்றாகக் கழுவிச் சமைக்க வேண்டும்.

பறவைகளைப் பொறுத்தவரை, தையல்சிட்டு தாழ்வான இலைகளைத் தைத்துக் கூடு கட்டும். குஞ்சு வெளிவரும் நாட்களில் பூனை வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். மற்ற நாட்களிலும் விடியலிலும் அந்தியிலும் வெளியே விடாதீர்கள், வேட்டைப் புத்தி அப்போதுதான் அதிகம். தண்ணீர்த் தட்டைப் புதரை ஒட்டி வைக்காமல், பூனை பதுங்க முடியாத வெட்டவெளியில் வையுங்கள். நத்தையைக் கொல்லும் மெட்டால்டிஹைடு மருந்துக் குருணை வேண்டவே வேண்டாம், அது பூனைக்கும் விஷம். இரவில் டார்ச் அடித்துக் நத்தைகளைக் கையால் பொறுக்கினாலே போதும்.