ஆறு கட்டைப் பூட்டுப் புதிரை வீட்டில் செய்ய முடியுமா? எப்படிப் பிரிப்பது?

தாராளமாக முடியும். ஆறு கட்டைகள் மூன்று திசைகளில் இரண்டிரண்டாகக் குறுக்கே கோத்துப் பூட்டிக்கொள்ளும் மரப்புதிர் இது. எனக்கு ஊர் கீழக்கரை. முதல் செட்டை நாட்டுப்படகு வேலையில் மிஞ்சிய பூவரசங்கட்டையில் செய்தேன்.

ஆறும் ஒரே அளவு: 2 செ.மீ. சதுரம், 8 செ.மீ. நீளம். வெட்டுகள் நடுவில் 4 செ.மீ.க்குள்தான் வரும். ஒவ்வொரு வெட்டின் ஆழமும் பாதிக் கனம். நான் செய்த வகையில், ஒரு கட்டையில் மட்டும் வெட்டே இருக்காது. அதுதான் சாவி.

இதில் எத்தனையோ வகை உண்டு. பில் கட்லர் என்ற அமெரிக்கப் புதிர் ஆய்வாளர் கணினி வைத்து எண்ணி 1990-இல் முடித்தபோது, கட்டைகளைச் சேர்க்கும் விதங்கள் 3,500 கோடிக்கும் மேல் வந்தன. புதிதாகச் செய்பவர், வாளால் குறுக்கே அறுத்து உளியால் பெயர்த்து எடுக்கக்கூடிய வெட்டுகள் மட்டும் உள்ள வகையை எடுங்கள். அப்படிப்பட்ட 25 வகைக் கட்டைகளிலேயே, உள்ளே பொந்து விழாத 314 அமைப்புகள் கிடைக்கின்றன. உள்மூலை குடைவதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த வேலையின் உயிர் அளவில்தான் இருக்கிறது. கட்டை கொடுத்த ஆசாரி, "ஸ்கேலை நம்பாதே தம்பி, கட்டை மேலயே கட்டைய வச்சுக் கோடு போடு" என்றார். பென்சில் கோட்டுக்கே ஒரு தடிமன் உண்டு. கத்தி முனையால் கீறுங்கள். அறுக்கும்போது வாள் கோட்டுக்கு உள்ளே, வெட்டி எடுக்கும் பக்கமாகவே ஓடட்டும். மிச்சத்தை உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்துப் போட்டுப் பாருங்கள்.

பிரிப்பதற்கு, ஒவ்வொரு கட்டையின் முனையையும் கட்டைவிரலால் மெதுவாக அழுத்துங்கள். சாவி மட்டும் நகரும். அது வெளியே வந்ததும், அந்தக் காலி இடத்துக்குள் எது நகர்கிறது என்று பாருங்கள். பலம் காட்ட வேண்டாம். எடுத்த கட்டைகளை, வந்த வரிசையிலேயே, வந்த முகம் மாறாமல் பாயில் அடுக்குங்கள். கடைசியாக வந்ததில் தொடங்கிப் பின்னோக்கிச் சேர்த்தால் பூட்டிக்கொள்ளும்.

எங்கள் கடற்கரைக்கென்று ஒரு சிக்கல் உண்டு. வெயில் காலத்தில் கச்சிதமாகச் செய்த என் செட், ஐப்பசி மழையில் இறுகிவிட்டது. ஈரம் ஏறினால் மரம் கனத்தில்தான் உப்பும், நீளத்தில் அநேகமாக மாறாது. தட்டி உடைக்காமல் விட்டுவைத்தேன்; மாசி வெயிலில் தானாகவே தளர்ந்தது. அதன் பிறகு ஒவ்வொரு முகத்தையும் ஒரு காகிதக் கனம் தேய்த்தேன். இப்போது மழைக்காலத்திலும் சாய்த்துப் பிடித்தால் சாவி தன் எடையிலேயே மெல்ல இறங்குகிறது. அந்தத் தளர்வு போதும்.