‘அன்றும் இன்றும்’ படங்களைக் கொண்டு மலையக நகரங்கள் மாறிய விதத்தை அறிய முடியுமா?

கண்டி, நுவரெலியா போன்ற நகரங்களின் பழைய படம் ஒன்றையும் இன்றைய படம் ஒன்றையும் அருகருகே வைத்து “அன்றும் இன்றும்” என்று பகிர்கிறார்களே, அவற்றை நம்பி அந்நகரங்கள் எப்படி மாறின என்று சொல்ல முடியுமா என்பது கேள்வி. சொல்ல முடியும். ஆனால் அப்படிப் பகிரப்படும் சோடிகளில் பெரும்பாலானவை ஒரே கட்டடத்தை இரு வேறு இடங்களில் நின்று எடுத்தவையாக இருப்பதால், அவற்றில் நாம் காணும் மாற்றத்தில் ஒரு பகுதி நகரத்தினுடையது, மறு பகுதி கமராவினுடையது. இவ்விரண்டையும் பிரித்தறியப் பழகுவதுதான் முதல் வேலை என்பது பல காலமாக இத்தகைய படங்களைச் சேர்த்து ஒப்பிட்டுவரும் என்னுடைய கருத்து.

கண்டி வாவியின் தென்கரையிலிருந்து தலதா மாளிகையை நோக்கி எடுத்த பழைய படம் ஒன்று கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை எடுத்தவர் நின்ற இடத்தைக் கண்டுபிடிக்க மாளிகையை மட்டும் பார்த்துப் பயனில்லை. அருகிலுள்ள ஒன்றும் தொலைவிலுள்ள ஒன்றும் எப்படிப் பொருந்துகின்றன என்று பார்க்க வேண்டும். வாவியின் நடுவிலுள்ள சிறு தீவின் விளிம்பு, மாளிகையின் முகப்பிலுள்ள எண்கோண மண்டபத்துக்கு இடப்புறம் தெரிகிறதா, வலப்புறம் தெரிகிறதா? மண்டபத்தின் கூரை நுனி, பின்னாலுள்ள உடவத்தகலைக் காட்டு முகட்டின் எந்த வளைவுக்கு நேராக வருகிறது? கரையோர நடைபாதையில் சில அடிகள் நகர்ந்தாலே இந்தப் பொருத்தம் குலைந்துவிடும் என்பதால், இரண்டும் ஒருங்கே பொருந்தும் இடத்தில் நின்றீர்களென்றால் அந்தப் பழைய ஆள் முக்காலியை ஊன்றிய இடத்திற்கு வெகு அருகில் நிற்கிறீர்கள். அங்கு நின்று கைத்தொலைபேசியில் எடுத்தால் மலைகள் சிறுத்துத் தெரியும். அகன்ற கோணத்தில் படம் பிடிக்கும் வில்லையின் வேலை அது. நடுப்பகுதியை மட்டும் வெட்டியெடுத்தால் அளவுகள் சரியாகிவிடும். இதைச் செய்யாமல் “பின்னாலிருந்த மலையே மறைந்துபோயிற்று” என்று வருந்துகிறவர்கள் இருக்கிறார்கள்.

இனி, அன்று படச்சுருளுக்குப் பதிலாகப் பயன்பட்ட கண்ணாடித் தகடுகளின் குணத்தையும் அறிந்திருக்க வேண்டும். 1870களில் கண்டியில் நிழற்படக் கூடம் நடத்திய சார்ள்ஸ் ஸ்கோவன் போன்றவர்களின் காலத்தில் ஒரு காட்சி பதிவாகச் சில வினாடிகளேனும் ஆகும். அந்நேரத்தில் நடந்துகொண்டிருந்தவர்களும் உருண்டுகொண்டிருந்த வண்டிகளும் மங்கலான கீற்றாகத் தெரிவார்கள், அல்லது தெரியவே மாட்டார்கள். ஆகவே, படத்தில் வெறிச்சோடிக் கிடக்கும் வீதி உண்மையில் சந்தை நாளின் நெரிசலோடு இருந்திருக்கலாம். அக்காலத் தகடுகள் நீல ஒளிக்கு மிகையாகவும் பச்சைக்கும் சிவப்புக்கும் குறைவாகவும் இசைந்தவை. அதனால் வானம் முகிலற்ற வெள்ளைத் தாளாகவும், தொலைமலைகள் நீலப் பனிமூட்டத்தோடு கரைந்தும், அருகிலுள்ள மரங்கள் கன்னங்கரேலென்றும் விழுந்திருக்கும். “அன்று காடு எவ்வளவு அடர்த்தி பாருங்கள்” என்று காட்டப்படும் கருமையில் ஒரு பங்கு இரசாயனத்தால் வந்தது. கறுப்பு வெள்ளையில் குப்பை தெரியாது என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

காலத்தைக் குறிப்பதற்கு நகரமே சில அடையாளங்களைத் தருகிறது. புகையிரதம் கண்டிக்கு வந்தது 1867இல். போகம்பறைச் சிறைச்சாலை 1876இல் திறக்கப்பட்டு 2014இல் மூடப்பட்டது. மணிக்கூட்டுக் கோபுரம் தெரிந்தால் படம் 1950க்கு முந்தியதாக இருக்க முடியாது. பஹிரவகந்த மேட்டின் வெண்ணிறப் புத்தர் சிலை தெரிந்தால் அது அண்மைக் காலத்ததே. தலதா மாளிகையின் முன்னால் பேருந்துகளும் கார்களும் ஓடும் படங்களை இன்றைய இளையவர்கள் வியப்போடு பார்க்கிறார்கள். 1998 ஜனவரியில் நடந்த குண்டுத் தாக்குதலுக்குப் பின்னர் அவ்வீதி வாகனங்களுக்கு மூடப்பட்டதால், அத்தகைய படங்கள் எல்லாம் அதற்கு முந்தியவை. கடைப் பெயர்ப்பலகைகளும் உதவும்: ஆங்கிலம் மட்டும் பெரிதாக இருந்த வரிசையில் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய 1956ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னர் சிங்களம் மேலேறுவதையும், தமிழ் எழுத்து சில இடங்களில் சிறுத்து ஓரத்திற்குப் போவதையும் கூர்ந்து பார்ப்பவர் காணலாம்.

நுவரெலியாவைப் பொறுத்தவரை, கிரகரி வாவி 1873இல் உருவாக்கப்பட்டது. செங்கல் தபாலகம் 1894இல் கட்டப்பட்டது. நகருக்குள் புகையிரதம் நிற்கும் படத்தைப் பார்த்து, இன்று புகையிரத நிலையம் இருப்பது அருகிலுள்ள நானுஓயாவில்தான் என்பதால், “இது நானுஓயாவாகத்தான் இருக்கும், தலைப்பு பிழை” என்று பலர் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். தலைப்பு சரியானதாகவே இருக்கலாம், ஏனெனில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை ஊடாக இராகலை வரை இரண்டரை அடி அகலத் தண்டவாளத்தில் ஒரு சிறு புகையிரதம் ஓடி, 1940களில் நின்றுபோனது. தபாலகமோ இரு படங்களிலும் அச்சொட்டாக ஒன்றாகவே இருக்கும். ஆனால் அதனைச் சுற்றுலா விடுதித் தேவைக்கு ஒப்படைக்கும் முயற்சிக்கு எதிராக 2023 நவம்பரில் அஞ்சல் ஊழியர்கள் பணிப்பகிஷ்கரிப்பில் இறங்கினார்கள் என்பதை எந்தச் சோடிப் படமும் காட்டாது. கட்டடம் மாறாதிருக்க, அது யாருக்கு உரியது என்ற கேள்வி மாறிக்கொண்டிருந்தது.

நகரத்தைச் சூழ்ந்த சரிவுகளைப் பற்றியும் ஒரு சொல். 1870களின் படத்திலுள்ள செடி வரிசைகளை எல்லாம் தேயிலை என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 1867இல் தேயிலையைப் பயிரிட்டது உண்மைதான். ஆனாலும் 1869இல் தென்பட்ட இலைத்துரு நோய் கோப்பியைப் படிப்படியாக அழித்து முடிக்கும் வரை மலைகளில் பெரும்பங்கு கோப்பிதான். எரிந்த அடிமரக் குற்றிகளுக்கிடையே செடிகள் நிற்கும் படங்கள், காடு அழிக்கப்பட்ட உடனேயே எடுக்கப்பட்டவை. பசுமைக்குப் பின்னால் இருந்த அந்தக் கரிய நிலத்தைப் பார்த்த பிறகு, “இயற்கை அழகு குலையாத அந்தக் காலம்” என்று எழுதக் கை வராது.

சில ஊர்களில் ஒப்பீடே இயலாது. பழைய மஸ்கெலியா நகரம் மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்திற்காக 1960களின் இறுதியில் நீருக்குள் போனது. அங்கு கமரா நின்ற இடம் தண்ணீருக்கடியில் இருக்கிறது. கடும் வறட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது பழைய கோவிலின் எச்சங்கள் வெளிப்பட, மக்கள் இறங்கிப் போய்ப் பார்க்கிறார்கள்; ஒப்பிட விரும்புபவருக்கு அந்த வாரங்கள் மட்டுமே வாய்ப்பு.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது ஒன்று உண்டு. பழைய படங்களை எடுத்தவர்கள் துரைமார்களுக்கும் கப்பற் பயணிகளுக்கும் விற்பதற்காகவே எடுத்தார்கள். ஆகவே அவர்கள் வாவியையும் விடுதியையும் பங்களாவையும் எடுத்தார்கள்; தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்களைப் பார்த்துக் கமராவைத் திருப்பியது குறைவு. எங்கள் மலையகத் தமிழ் ஆட்கள் படத்தில் வந்தாலும் “கூலிகள்” என்ற தலைப்போடு பெயரில்லாமல் வந்தார்கள். 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் காலமாகி, பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்ட புகழ்பெற்ற நிழற்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரன், தோட்டத் தொழிலாளர்களை அருகில் வைத்து எடுத்த படங்களிலும் அவர்களுடைய பெயர்கள் இல்லை. இந்தப் படங்களோடு இன்றைய சுற்றுலாப் படத்தைச் சேர்த்தால், துரைமார் பார்த்த நகரத்தையும் பயணிகள் பார்க்கும் நகரத்தையும் ஒப்பிடுகிறோம். அவ்விரண்டுக்கும் நடுவில் அங்கு வாழ்ந்தவர்களின் நகரம் இருக்கிறது.

அதைத் தேட வேண்டிய இடம் வீட்டுப் பெட்டிகள். எங்கள் வீட்டில் என் சித்தப்பாவின் படம் ஒன்று உண்டு; ஹட்டன் நகரில் ஒரு துணிக்கடை வாசலில், இரவல் கோட்டோடு, ஒரு கையைத் தூணில் ஊன்றி நிற்கிறார். அவருடைய தோளுக்கு மேலே கடைப்பலகையின் பாதியும், காலடியில் மூடியில்லாத வடிகாலும், ஓரத்தில் ஒரு சுமைதூக்கியின் வெறுங்காலும் விழுந்திருக்கின்றன. எந்த அஞ்சலட்டையிலும் இவை இல்லை. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று தீர்மானிக்கப்பட்ட பின்னர், கடவுச்சீட்டுக்காகவும் பிரிவதற்கு முன் நினைவுக்காகவும் ஸ்டூடியோவில் குடும்பத்தோடு எடுத்த படங்கள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. சில தமிழகத்தில், கோத்தகிரியிலும் கூடலூரிலும் இருக்கின்றன.

எனவே ஒப்பிட விரும்புவோர் அத்தகைய படங்களை வெளியே எடுங்கள். முன்பக்கத்தை மட்டும் வெட்டிப் பகிராமல், ஓரங்களோடும் பின்பக்கத்து முத்திரையோடும் எழுத்தோடும் சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள். ஆண்டையும் இடத்தையும் பெரும்பாலும் அந்தப் பின்பக்கமே சொல்லும். நிற்பவர்களின் பெயர்களை வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு, பேனாவால் அல்ல, மென்மையான பென்சிலால் பின்னால் எழுதி வையுங்கள். மை ஊறினால் முகத்தைத்தான் முதலில் கெடுக்கும்.