எந்தக் கல்லூரியை எத்தனையாவதாகப் போடுவது?

பொறியியல் கலந்தாய்வுக்கு ரேங்க் பட்டியல் வந்துவிட்டால், அப்புறம் வீட்டுக்கு வீடு 'சாய்ஸ் ஃபில்லிங்' பேச்சுதான், அதாவது விரும்பும் கல்லூரியையும் பாடப்பிரிவையும் வரிசைப்படுத்தி எழுதுவது. வந்த கேள்விகளில் சில.

கட்-ஆஃப் 200-க்கு 171. கிண்டி அண்ணா பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரியை முதலில் போட்டால் நமக்குக் கிடைக்கக்கூடிய கல்லூரியும் கைநழுவிவிடும் என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். உண்மையா?
- மாணவர், அரியலூர்

இல்லை தம்பி. உங்கள் ரேங்க் வரும்போது கணினி பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே வரும். உங்களுக்கு இடம் இருக்கிற முதல் சாய்ஸைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். முதல் பத்தும் கிடைக்கவில்லை என்பதற்காகப் பதினொன்றாவதில் உங்கள் உரிமை குறையாது. பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. 'இது எப்படியும் கிடைக்கும்' என்று சுமாரான கல்லூரி ஒன்றை மூன்றாவதாகப் போட்டால், அதுவேதான் கிடைக்கும். அதற்குக் கீழே நீங்கள் எழுதிய நல்ல கல்லூரிகளைக் கணினி எட்டிக்கூடப் பார்க்காது. வரிசை உங்கள் விருப்பப்படி இருக்கட்டும். வாய்ப்புக் கணக்கு, பட்டியல் எவ்வளவு தூரம் கீழே போக வேண்டும் என்பதற்கு மட்டும்.

மகளுக்கு 15 சாய்ஸ் எழுதி வைத்திருக்கிறோம். போதுமா?
- ஒரு தாய், திண்டுக்கல்

போதாது அம்மா. சாய்ஸுக்கு உச்சவரம்பு கிடையாது. ஒரே கல்லூரியின் நான்கு பாடப்பிரிவுகள் நான்கு சாய்ஸ். அப்படிப் பார்த்தால் நீங்கள் எழுதியது நாலைந்து கல்லூரிதான். நான் 60-க்குக் குறைய விடமாட்டேன்.

கடந்த ஆண்டு நிலவரம் பார்க்கும்போது மதிப்பெண்ணைப் பார்க்காதீர்கள், ரேங்க்கைப் பாருங்கள். 200-ல் 100 கணிதத்துக்கு. அந்த ஒரு தாள் எளிதாக வந்தாலே எல்லாருடைய கட்-ஆஃபும் ஏறிவிடும். சென்ற ஆண்டின் 180-ம் இந்த ஆண்டின் 180-ம் ஒன்றல்ல. ஒரு உதாரணத்துக்கு, மகளின் பி.சி. ரேங்க் 20,000 என்று வைத்துக்கொள்வோம். சென்ற ஆண்டு அதே பி.சி. ஒதுக்கீட்டில் ரேங்க் 12,000-லேயே முடிந்துபோன இடங்களையும் தயங்காமல் எழுதுங்கள். 17,000 முதல் 24,000 வரை முடிந்தவைதான் பட்டியலின் உடம்பு, அதில் தாராளமாக இருங்கள். அதற்கும் கீழே 35,000 வரை போனவற்றில் பத்துப் பதினைந்து.

அந்தக் கடைசிப் பதினைந்தில்தான் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு எதையாவது போடுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் 'இது மட்டும் கிடைத்தால் சேருவாளா?' என்று மகளிடமே கேளுங்கள். இல்லை என்றால் அந்த வரியை அடித்துவிடுங்கள். கிடைத்த பிறகு, விடுதி சரியில்லை, பஸ் இல்லை என்று புலம்பிப் பயனில்லை.

அரசுக் கல்லூரியில் சிவில் கிடைக்கும்போலத் தெரிகிறது. பெயர் தெரியாத தனியார் கல்லூரியில் சி.எஸ்.இ. எது முதலில்?
- ஒரு தந்தை, தாராபுரம்

பையனுக்கு சிவில் அறவே பிடிக்காது என்றால் பேச்சே இல்லை, போடாதீர்கள். 'பரவாயில்லை' என்கிறான் என்றால் என் ஓட்டு அரசுக் கல்லூரிக்கு. கட்டணம் குறைவு, கூடப் படிக்கிற பிள்ளைகளும் நல்ல மதிப்பெண்ணோடு வந்தவர்கள். பல ஐ.டி. நிறுவனங்கள் வளாகத் தேர்வில் எல்லாப் பிரிவினரையும் எடுக்கின்றன.

ஆனால் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு பெரிய இடம் இருக்கிறதே! கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியை (ஜி.சி.டி.) மட்டும் பார்த்துவிட்டு நிற்காமல் சேலம், காரைக்குடி, திருநெல்வேலி, பர்கூர் அரசுக் கல்லூரிகளின் இ.சி.இ., இ.இ.இ. இரண்டையும் பாருங்கள். சிவிலுக்கு முன்னாலேயே அவை வரலாம். கல்லூரிவாரியாக மொத்தமாக எழுதாமல், கல்லூரியும் பிரிவும் கலந்த ஒரே வரிசையாக எழுதுங்கள்.

தற்காலிக ஒதுக்கீடு வந்தபின் 'அக்செப்ட் அண்ட் அப்வர்டு' கொடுக்கலாமா?
- மாணவி, கடலூர்

கொடுக்கலாம். கிடைத்த இடத்தை வைத்துக்கொண்டே மேலே உள்ள சாய்ஸுக்குக் காத்திருப்பதுதான் அது. கெடுவுக்குள் பணம் கட்ட வேண்டும், அவ்வளவுதான். கிடைத்ததற்கு மேலே நீங்கள் எழுதியவை மட்டும்தான் பார்க்கப்படும். ஒன்று கிடைத்துவிட்டால் பழைய இடம் போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. மேலே சும்மா எழுதிவைத்த வரி ஏதாவது இருந்தால், கிடைத்த இடத்திலேயே சேரும் 'அக்செப்ட் அண்ட் ஜாயின்' கொடுத்துவிடுங்கள்.

பிரவுசிங் சென்டரில் சாய்ஸ் போடலாமா?
- ஒருவர், செய்யாறு

போடுங்கள், ஆனால் பெயரை வைத்துத் தேடாதீர்கள். கோவையிலேயே ஸ்ரீ கிருஷ்ணா பெயரில் இரண்டு பொறியியல் கல்லூரிகள். சென்னைப் பக்கம் ராஜலட்சுமி பெயரிலும் இரண்டு. கல்லூரி எண்ணை எழுதி எடுத்துப் போங்கள். அரசு உதவிபெறும் கல்லூரி என்றால் அந்தப் பாடப்பிரிவு சுயநிதியா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், கட்டணம் கூடும். பாஸ்வேர்டை நீங்களே தட்டுங்கள், கடைக்காரர் அல்ல.