ஒரே மாநிலத்தவர் இருவர் சேர்ந்து நிற்கலாமா?

நிற்கலாம். அமெரிக்க அதிபர் வேட்பாளர் தன் மாநிலத்துக்காரரைத் துணை அதிபருக்கு நிறுத்தவே கூடாது என்று நீங்கள் படித்தது பாதிதான் சரி. அமெரிக்க அரசியலமைப்பின் 12-வது திருத்தம் கட்டிப்போடுவது தேர்வாளர்களைத்தான், அதாவது மாநிலங்களின் சார்பில் அதிபரையும் துணை அதிபரையும் தேர்ந்தெடுக்க ஓட்டுப்போடுபவர்களை: அதிபருக்கு ஒன்று, துணை அதிபருக்கு ஒன்று என்ற இரண்டு ஓட்டையும் சொந்த மாநிலத்தவருக்கே அவர்கள் போட முடியாது.

2000-இல் அதிபருக்கு நின்ற புஷ், துணை அதிபருக்கு நின்ற டிக் செனி இருவருமே டெக்சாஸ்வாசிகள். வேட்பாளராக அறிவிக்கப்படுவதற்குச் சில நாள் முன்பு செனி தன் வாக்காளர் பதிவை வயோமிங்குக்கு மாற்றிக்கொண்டார். முடிவு வந்தபோது அதன் அருமை தெரிந்தது. கிடைத்த தேர்வாளர் ஓட்டு 271, டெக்சாஸின் 32 போயிருந்தால் செனிக்கு 239தான்; வெற்றிக்கு வேண்டியது 270. யாருக்கும் பெரும்பான்மை இல்லாமல், துணை அதிபரைத் தேர்ந்தெடுக்கும் வேலை நாடாளுமன்ற மேலவையான செனட்டுக்குப் போயிருக்கும்.

நீங்கள் யோசிக்கும் ஜோடிக்கும் மொத்தத்தில் அந்த மாநிலத்தின் எண்ணிக்கையைக் கழித்துப் பாருங்கள். 270 மிஞ்சினால் கவலையில்லை.

அப்புறம், பதிவை மாற்றினாலே போதும் என்று நினைத்துவிடாதீர்கள். செனி விஷயத்தில் வழக்கே போட்டார்கள், தள்ளுபடியானது. ஆனால் அவருக்கு அந்த மாநிலத்தோடு பழைய தொடர்பு இருந்தது: வயோமிங்கின் எம்.பி.யாகப் பத்தாண்டு இருந்தவர்.